கண்ணோட்டமும் கேள்வியும்

பெண்களின் வாழ்க்கையைப் பொருளாகக் கொண்ட நூல்களை நாம் ஏன் படிக்கிறோம்? பிறர் துயர் கண்டு நெஞ்சம் நெகிழ்தல் மனித இயல்பு. அந்நெகிழ்ச்சியை அளிப்பது இலக்கியத்தின் பயன்களுள் ஒன்று. ஆதலின் படிக்கிறோம் என்று எளிதில் விடை கூறிவிடலாம். ஆயினும் கண்ணீர் சிந்திப் புத்தகத்தை மூடிய பின்னர் நம்மிடம் எஞ்சுவது யாது? கதையில் வரும் பெண்ணுக்காக உருகிய மனம், அடுத்த அறையில் இருக்கும் பெண்ணின் சொல்லுக்கு இடந்தருகிறதா? இரக்கம் ஒன்றே அறமாகிவிடுமா? இவ்வினாவையே இங்குச் சிறிது ஆராய்வோம்.

வள்ளுவப் பெருந்தகை பொருட்பாலில் 42ஆம் அதிகாரத்திற்குக் 'கேள்வி' என்றும், 58ஆம் அதிகாரத்திற்குக் 'கண்ணோட்டம்' என்றும் பெயரிட்டார். கண்ணோட்டமாவது பிறர்பால் கண் சென்றவிடத்துத் தோன்றும் இரக்கம். கேள்வியாவது அறிந்தார் கூறுவதைச் செவியால் பெறுதல். இரங்கும்போது நாம் மேலே நிற்கிறோம். இரங்கப்படுபவர் கீழே நிற்கிறார். கேட்கும்போதோ சொல்பவர் அறிந்தவராகவும், நாம் அறிய வந்தவர்களாகவும் ஆகிவிடுகிறோம். பெண்ணின் வாழ்வைச் சொல்லும் நூலை இவ்விரண்டில் எந்நிலையில் நின்று படிக்கிறோம் என்பது சிந்திக்கத் தக்கது.

வங்க நாட்டில் ராஸ்சுந்தரி தேவி என்னும் அம்மையார் 19ஆம் நூற்றாண்டில் 'ஆமார் ஜீபன்', அதாவது 'என் வாழ்க்கை' என்ற தன்வரலாற்றை எழுதினார். அவர் 12 வயதில் மணமாகிப் பெரிய குடும்பமொன்றில் புகுந்தவர். பெண் எழுத்தறிந்தால் குடும்பத்துக்குத் தீங்கு என்று நம்பப்பட்ட காலம் அது. 'சைதன்ய பாகவதம்' என்னும் நூலின் ஏடொன்றை எடுத்து அடுக்களையில் மறைத்து வைத்து, மகன் எழுதிப் பழகிய ஓலையோடு ஒப்பிட்டு, ஆசிரியர் எவருமின்றி அவர் எழுத்துக்களைக் கற்றார். தாயின் இறுதிக் காலத்தில் அருகில் இருக்க இயலாமற்போன வேதனையையும் அந்நூலில் பதிந்திருக்கிறார்.

இவற்றைப் படித்து நாம் இரங்குவது இயல்பே. ஆனால் அந்நூலில் மற்றொரு செய்தியும் உண்டு. ஒருநாள் கணவரின் குதிரை முற்றத்தில் குவித்திருந்த நெல்லைத் தின்கிறது. கணவருடைய குதிரையின் எதிரில் எவ்வாறு செல்வது என்று நாணி அம்மையார் உள்ளே ஒளிந்துகொள்கிறார். பின்னர், விலங்கின் முன் நாணுவானேன் என்று தாமே தெளிகிறார். தாம் வாழ்ந்த வழக்கத்தைத் தாமே எடைபோட்டுப் பார்த்த கூரிய அறிவு அவருடையது. இரங்கச் சென்ற நாம் அவ்விடத்தில் சற்றுத் தயங்கி நிற்கிறோம். நமது பரிவை எதிர்பார்த்து அவர் எழுதவில்லை. தாம் அறிந்ததை நமக்கு அறிவிக்கவே எழுதினார். ஆகவே அவருக்கு நாம் செலுத்த வேண்டியது கண்ணோட்டத்தினும் மேலாகக் கேள்வியே ஆகும்.

அங்ஙனமாயின் பெண்ணின் வாழ்வைப் பெண்ணே எழுத வேண்டுமா, ஆடவர் எழுதலாகாதா என்ற ஐயம் எழும். அவ்வாறு கூறுவது முறையன்று. விதவை மறுமணத்துக்கு வழிசெய்யும் சட்டம் 1856ஆம் ஆண்டிலேயே இந்நாட்டில் இயற்றப்பட்டது. ஆயினும் மக்கள் மனத்தில் அதற்கு இடமில்லாதிருந்த நிலையில், 1903இல் அ. மாதவையா 'முத்துமீனாட்சி' நாவலை வெளியிட்டார். ஒரு பெண் தன் கதையைத் தானே சொல்வதாக அதனை அமைத்தார். பெண்ணுக்காகப் பேசுவதைக் காட்டிலும் பெண்ணைப் பேசவிடுதலே தக்கது என்று அவ்வாசிரியர் உணர்ந்தார் போலும். எழுதுபவர் ஆணா பெண்ணா என்பதினும், எழுதுபவர் செவிகொடுத்தாரா என்பதே உரைகல்.

இரக்கத்துக்கும் கேள்விக்கும் உள்ள வேற்றுமையைப் புதுமைப்பித்தனின் 'சாபவிமோசனம்' போல உணர்த்திய கதை அரிது. 1943இல் வெளிவந்த அக்கதையில், இராமனால் சாபம் நீங்கப்பெற்ற அகலிகை, அதே இராமன் சீதையைத் தீப்புகச் செய்தான் என்பதைச் சீதையின் வாயிலாகவே கேட்டு, மீண்டும் கல்லாகிறாள். இதற்காக இராமபிரானை நாம் பழிக்க வேண்டுவதில்லை. ஆசிரியர் சுட்டும் மனித இயல்பே நமக்கு வேண்டுவது. வழியில் கிடந்த அயலாள் ஒருத்தி மீது அருள் பிறக்கிறது. தன்னோடு காட்டில் உழன்ற மனைவியின் சொல்லோ போதிய சான்றாகவில்லை. தொலைவில் உள்ளவர்க்கு இரங்குவது எளிது. அருகில் உள்ளவரின் சொல்லை நம்புவது அரிது. நூல் படிக்கும் நமக்கும் இது பொருந்துமன்றோ?

ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' 1966இல் ஆனந்த விகடனில் வெளிவந்தபோது வாசகரிடையே பெரும் விவாதம் எழுந்தது. கெடுக்கப்பட்ட மகளின் தலையில் நீரை ஊற்றி, நீ தூய்மையானாய் என்று ஏற்றுக்கொள்கிறாள் அக்கதையின் தாய். அது மிக உயர்ந்த கருணை என்பதில் ஐயமில்லை. எனினும் அங்குத் தீர்ப்புச் சொல்பவள் தாயே. மகள் தீர்ப்பைப் பெறுபவள். பின்னர் 1970இல் நூலாகி, 1972இல் சாகித்திய அகாதமிப் பரிசு பெற்ற 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலில், தாய் அவ்வாறு செய்யாதிருந்தால் என்னவாகியிருக்கும் என்று ஆசிரியரே ஆராய்ந்தார். அதிலே கங்கா படித்து, வேலை பார்த்து, தன் வாழ்வைத் தானே எடுத்துரைக்கும் பெண்ணாக வருகிறாள். அவள் எடுக்கும் முடிவுகள் எல்லாம் நமக்கு உவப்பானவை அல்ல. ஆனாலும் அவள் பேசத் தொடங்கிய பிறகு, தூய்மையா மாசா என்ற பழைய வழக்கில் அவளை வாயில்லாப் பொருளாக நிறுத்த நம்மால் இயலவில்லை.

ராஜம் கிருஷ்ணன் தூத்துக்குடி உப்பளங்களுக்கு நேரிற்சென்று, அங்கு உழைப்போரைக் கண்டு பேசி, 'கரிப்பு மணிகள்' என்ற நாவலை 1979இல் தந்தார். வீட்டில் இருந்தபடியே உப்பளப் பெண்களுக்காகக் கண்ணீர் வடித்திருக்கலாம். அவரோ வெயிலில் நின்று கேட்டார். இதுவே நான் கூறும் கேள்வியின் செயல்வடிவம்.

கோப்புகளிடையே இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்த குமாஸ்தா ஒருவனுக்கு இவ்வேற்றுமை தொழில்முறையிலும் புலனாகும். விண்ணப்பம் வந்தால் 'அனுதாபத்துடன் பரிசீலிக்கப்படும்' என்று குறிப்பெழுதுவது எங்கள் வழக்கம். அக்குறிப்புடன் கோப்பு மேசைக்கு மேசை நகரும். விண்ணப்பித்தவரை அழைத்து, உமக்கு வேண்டுவது யாது என்று எவரும் வினவுவதில்லை. நம் இல்லங்களிலும் பெண்களின் விண்ணப்பங்கள் இவ்வண்ணமே அனுதாபத்துடன் பரிசீலிக்கப்பட்டு வருகின்றனவோ என்று அஞ்சுகிறேன்.

பிழைப்பை நாடி வெளிமாநிலங்களில் குடியேறிய நம் போன்ற குடும்பங்களுக்கு இது மேலும் பொருந்தும். மாற்றல் ஆணை வந்ததும் ஆசிரியை வேலையை விட்டுவிட்டு மூட்டை கட்டிய மனைவியர் நம்மிடையே பலர். மொழி தெரியாத ஊரில் காய்கறிக்காரனிடம் விரல்களைக் காட்டி விலை பேசிப் பழகியவர்களும் அவர்களே. அவர்கள் பட்ட சிரமத்தை நாம் மறக்கவில்லை. மேடைகளில் மனமுருகிப் புகழ்கிறோம். ஆனால் புறப்படுமுன் அவர்கள் கருத்தை வினவியது எத்தனை பேர்?

தந்தையை இழந்த தாயை ஊரிலிருந்து அழைத்து வந்து, இரண்டறைக் குடியிருப்பில் நம்மோடு வைத்துக்கொள்கிறோம். தனியே விடலாகாது என்ற பரிவே காரணம். அவ்வம்மையாருக்கு வேண்டியது ஊர்த் திண்ணையும் கோயில் மணியோசையுமாக இருக்கலாம். அல்லது ஊரார் பார்வையினின்றும் விடுபட்டு, விரும்பிய நிறத்தில் புடவை உடுத்தி, பேத்தியோடு கடைவீதிக்குச் செல்வதாகவும் இருக்கலாம். எது என்பது கேட்டாலன்றித் தெரியவாராது.

அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' என்னும் சிறுகதை 1988இல் அப்பெயர் கொண்ட தொகுப்பிலே வந்தது. ராஜஸ்தானத்துக் கூட்டுக் குடும்பம் ஒன்றில், தென்னாட்டிலிருந்து வந்த மருமகள் சமையலறையை மாற்றியமைப்பது பற்றிக் கருத்துச் சொல்கிறாள். அங்கே நாளெல்லாம் நிற்பவர் பெண்கள். அதனைப் பற்றி முடிவு செய்பவர் அடுப்படியில் நில்லாத ஆடவர். அவ்வீடு நம் வீட்டினின்றும் வெகுதொலைவில் இல்லை.

கேட்டுவிட்டால் அவர்கள் சொல்வதையெல்லாம் செய்ய வேண்டுமோ என்று சிலர் வினவலாம். வருவாய், உடல்நலம், குழந்தைகளின் கல்வி எனத் தடைகள் பல உண்டு. கேட்ட பின்னரும் இயலாது என்று கூற நேரலாம். ஆனால் கேட்டு மறுப்பவன் தன் மறுப்புக்குக் காரணம் கூறக் கடமைப்பட்டவனாகிறான். அக்காரணத்தை மறுத்துரைக்க எதிரில் இருப்பவர்க்கும் உரிமை பிறக்கிறது. கேளாது இரங்குபவனுக்கு அக்கடப்பாடு எதுவும் இல்லை. அதனாலேதான் இரக்கம் நமக்கு இவ்வளவு இனிக்கிறது. இரக்கத்தைத் துறக்க வேண்டும் என்பது என் கருத்தன்று. அது கதவைத் திறக்கும். திறந்த கதவின் வழியே வருபவரை அமரச் செய்து பேச விடுவது அதன்பின் நாம் செய்ய வேண்டிய பணி.

தமிழ்ச் சங்க நூலகங்களில் மேற்கூறிய தமிழ் நூல்களுள் சிலவேனும் இருக்கக் கூடும். அவற்றை எடுத்துச் செல்லும் அன்பர்கள் தாம் மட்டும் படித்து மூடிவிடாமல், இல்லத்திலுள்ள தாய்க்கும் மனைவிக்கும் மகளுக்கும் படிக்கக் கொடுப்பார்களாக. பின்னர் ஒரு விடுமுறை நாளில் அந்நூலைப் பற்றிக் கூடியமர்ந்து உரையாடுவார்களாக. அவ்வுரையாடலில் முதற்சொல் அவர்களுடையதாக இருக்கட்டும். அது முடியும்வரை நாம் குறுக்கிடாதிருப்போம்.