பழமை ஏக்கமும் அறநோக்கும்

சென்ற காலத்தை எண்ணி ஏங்குதல் மனித இயல்பு. எனினும் அவ்வேக்கம் அறத்திற்கு உடன்பட்டதா என்பது எளிதில் விடை கூறத்தக்க வினாவன்று. கரி ரோஸின் நெறியாள்கையில் 1998 இல் வெளிவந்த 'பிளசன்ற்வில்' என்னும் அமெரிக்க நகைச்சுவைத் திரைப்படம் இவ்வினாவையே எழுப்புகின்றது.

பெற்றோர் பிரிந்துவிட்ட இல்லத்தில் வளரும் டேவிட் என்னும் மாணவன் 1950களின் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரொன்றில் ஆறுதல் காண்கின்றான். தொலைக்காட்சி திருத்துநர் ஒருவர் கொடுத்த விந்தையான கருவி, அவனையும் சகோதரி ஜெனிபரையும் அத்தொடரின் கறுப்பு வெள்ளை உலகினுள் புகுத்திவிடுகின்றது. அங்கு கூடைப்பந்து ஆடுவோர் குறி தவறுவதில்லை, மழை பெய்வதில்லை, தீயணைப்போர் மரமேறிய பூனைகளை இறக்குவதன்றி வேறு தொழில் அறியார், நூல்களின் பக்கங்கள் வெறுமையாயுள்ளன.

குறி தவற இயலாதவனின் வெற்றியைத் திறமை எனலாமா? தீமை செய்ய இயலாதவரை நல்லோர் எனலாமா? தவறுதற்கு வாய்ப்புள்ள இடத்திலேயே அறம் பிறக்கின்றது. அவ்வூரார் குற்றமற்றவர், ஆயினும் நல்லவரல்லர். தம்முள் மறைந்து கிடந்ததை அவர்கள் கண்டுகொள்ளுந்தோறும் வண்ணம் பெறுகின்றனர். ஜெனிபருக்கு வண்ணம் அளிப்பது காதலன்று, ஒரு நூலைப் படித்து முடித்தமையே. டேவிட் வண்ணம் பெறுவதோ, தொடரில் தன் தாயாகிய பெற்றியை இழிவு செய்வோரை எதிர்த்து நின்றபோதாகும்.

வண்ணம் பரவவே ஊரின் இனிமை கலைகின்றது. வண்ணத்தவருக்கு இடமில்லை என்னும் அறிவித்தல்கள் கடைகளில் தோன்றுகின்றன, நூல்கள் எரிக்கப்படுகின்றன. இங்கு வரலாறு திரையினுள் நுழைகின்றது. 'பாதர் நோஸ் பெஸ்ற்' என்னும் புகழ்பெற்ற குடும்பத் தொடர் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கிய 1954 ஆம் ஆண்டிலேயே, பாடசாலைகளில் இனப்பிரிவினை அரசியலமைப்புக்கு முரணானதென அந்நாட்டு உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1957 இல் லிற்றில் றொக் நகரில் கறுப்பின மாணவர் ஒன்பதின்மர் பாடசாலை செல்வதற்குப் படையினரின் காவல் வேண்டியிருந்தது. தொடர்கள் காட்டிய அமைதியான இல்லங்களில் இவற்றின் சுவடேயில்லை. இப்படத்தின் ஊரிலும் கறுப்பினத்தவர் எவருமிலர் என்பது அதன் குறையேயாகும்.

அவ்வாறாயின் பழமை ஏக்கம் பொய்யென ஒதுக்கத்தக்கதா? அன்று. டேவிட் வேண்டியது அன்பு நிலவும் இல்லமொன்றையே, அவ்வேட்கை இழிவானதன்று. வேட்கையை வரலாறென நம்புதலே தவறு. வண்ணமுற்ற தன் முகத்தைச் சாம்பல்நிறப் பூச்சால் மறைக்கும் பெற்றியே, அந்த இனிய இல்லத்திற்கு உரிய விலையைச் செலுத்துபவள். எவருடைய மௌனத்தின்மீது நமது பொற்காலம் கட்டப்பட்டது என வினவாத ஏக்கம், அவருக்கு இழைக்கப்பட்ட அநீதியை மீண்டும் இழைக்கின்றது.

இறுதியில் வீடு திரும்பும் டேவிட், வாழ்க்கை எண்ணியவாறு அமையவில்லையென அழும் தன் தாயைக் காண்கின்றான். வாழ்க்கை இவ்வாறுதான் அமைய வேண்டுமென்ற நியதி ஏதுமில்லை என அவளைத் தேற்றுகின்றான். முன்னர் தொலைக்காட்சியில் தாயொருத்தியைத் தேடியவன், இப்பொழுது அருகிலிருக்கும் தாயைக் காண்கின்றான். பழமையிலிருந்து மீள்பவன் கொண்டுவரத்தக்க பேறு இதுவேயாகும்.