இழந்த ஒலிநாடாவுக்கு இரங்கலாமா?

2009 ஆம் ஆண்டு மே மாதத்தில் முள்ளிவாய்க்காலிலே போர் முடிவுற்றபோது, வன்னி மக்களுட் பெரும்பாலோர் உடுத்த உடையோடு வெளியேறினர். ஏறக்குறைய மூன்று இலட்சம் பேர் செட்டிகுளம் முதலிய இடங்களில் அமைந்த முகாம்களிலே அடைக்கப்பட்டனர். மாண்டோர், காணாமற் போனோர் பற்றிய கணக்கு இன்றும் முடிவுபெறவில்லை. இத்தகைய பேரிழப்பின் முன்னே நின்று, ‘என் பாட்டுக் கசற்றுகள் போய்விட்டனவே’ என்று ஒருவன் வருந்துவானாயின், அவ்வருத்தத்தை நாம் எவ்வாறு மதிப்பிடுவது?

இது கற்பனை வினா அன்று. திரைப்பட இசைத்தட்டுகளையும் ஒலிநாடாக்களையும் பல்லாண்டுகளாகச் சேர்த்து, ஒவ்வோர் இடப்பெயர்விலும் சுமந்து, ஈற்றிலே பதுங்குகுழியோரத்தில் விட்டுவந்தோர் நம்மிடையே உளர். ஆயினும் அதைப் பேசும்போது அவர்கள் குரல் தாழ்ந்துவிடுகின்றது. பிள்ளையை இழந்தவர் பக்கத்து வீட்டில் இருக்கையில் பாட்டுக்கு அழுவதா என்று அவர்கள் நாணுகின்றனர். அந்த நாணம் நியாயமானதுதானா என்பதே நம் ஆராய்ச்சி.

நாணத்தான் வேண்டும் என்போரின் வாதங்கள் மூன்று. முதலாவது, சேகரிப்பு என்பது உடைமை வேட்கையின் நாகரிகமான பெயரேயாகும். இரண்டாவது, திரையிசை என்பது வணிகச் சரக்கு. உழைக்கும் மக்களை மயக்குவதற்கு விற்கப்படுவது. மூன்றாவது, கைத்தொலைபேசியிலே எல்லாப் பாட்டும் கிடைக்கும் இந்நாளில், தேய்ந்த தட்டுக்கும் அறுந்த நாடாவுக்கும் இரங்குவது அறியாமை. இவை எளிதில் ஒதுக்கத்தக்க வாதங்கள் அல்ல. ஒவ்வொன்றையும் நம் மண்ணின் அனுபவத்தோடு பொருத்திப் பார்ப்போம்.

சங்க காலத்திலே பாணன் யாழோடு வாயிலுக்கு வந்தாலன்றி இசை இல்லை. இசைத்தட்டு வந்தபோதுதான் பாடுவோன் இல்லாமலே பாட்டு வீட்டுக்குள் நுழைந்தது. 1902 இல் கல்கத்தாவிலே கௌஹர் ஜானின் குரல் தட்டிற் பதிவாயிற்று. அக்காலத் தட்டுக்கு மூலப்பொருள் அரக்கு. சோட்டா நாகபுரிக் காடுகளிலே பழங்குடி மக்கள் மரக்கிளைகளிலிருந்து சுரண்டியெடுத்த அரக்கைத் தூளாக்கிய கல்லோடும் கரியோடும் சேர்த்து அழுத்தித் தட்டுச் செய்தனர். ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிட இசைக்கே அதில் இடமிருந்தது. அந்த மூன்று நிமிடத்துக்குள்ளே காட்டுக் கூலியின் வியர்வையும், ஆலைத் தொழிலாளியின் கையும், பெயர் அச்சிடப்படாத வாத்தியக்காரர்களின் மூச்சும் அடங்கியிருந்தன. பொருளைக் கையிலெடுத்துப் பார்ப்பவனுக்கு, இது எவரோ செய்தது என்ற எண்ணமாவது தோன்ற வழியுண்டு. பொருளே கண்ணிற் படாதபோது உழைப்பும் கண்ணிற் படுவதில்லை.

வன்னியிலோ, செய்தவரின் உழைப்போடு கேட்பவரின் உழைப்பும் சேர்ந்தது. 1990 இல் போர் மீண்டும் மூண்டபின் வடபுலத்தின்மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையிலே எரிபொருளோடு சின்னஞ்சிறு பற்றறியும் அடங்கியிருந்தது. மின்சாரமும் இல்லை. 1995 இன் இறுதியில் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்தோர் பலர் வன்னியை வந்தடைந்த காலத்திலும் இந்நிலையே நீடித்தது. மக்கள் துவிச்சக்கரவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவிற் பிறந்த மின்னைக் கொண்டு வானொலியையும் கசற் கருவியையும் இயக்கினர். சுழற்றுபவன் கை தளர்ந்தால் பாடகரின் குரலும் தளர்ந்து இழுபடும். ஒருவன் சுழற்ற நால்வர் கேட்பர். அவன் களைத்ததும் இன்னொருவன் சுழற்றுவான். தனியொருவன் சுழற்றித் தானே கேட்பதென்றால் பாட்டைவிடக் களைப்பே மிஞ்சும். ஆகவே ஒலிநாடா ஒருவனுடையதாயினும் அதன் இசை அயலாருடையதாயிற்று. நாடாவை வைத்திருந்தவன் உடைமையாளனாக அன்றி, ஊருக்குப் பொறுப்பாளனாகவே வாழ நேர்ந்தது. முதலாவது வாதத்துக்கு விடை இதுவே: உடைமை என்பது பொருளிலே இல்லை, அது மனிதர் தம்முள் கொள்ளும் உறவிலே உள்ளது.

இரண்டாவது வாதத்தை நோக்குவோம். பிரெஷ்டின் தோழரும் பொதுவுடைமையாளருமான இசையமைப்பாளர் ஹான்ஸ் ஐஸ்லர், திரைப்பட இசை பற்றி 1947 இல் ஒரு நூல் வெளியிட்டார். அதை எழுதுவதில் தியோடர் அடோர்னோவும் பங்குகொண்டார். படத்துக்கு அடங்கி, தான் ஒலிப்பதைக் கேட்போர் உணராவண்ணம் ஒலிப்பதே இசையின் கடமை என்னும் ஹொலிவூட் வழக்கத்தை அந்நூல் கண்டித்தது. அக்கண்டனம் இன்றும் பொருந்தும். ஆனால் வன்னியில் நிகழ்ந்தது வேறு. படத்தைப் பார்ப்பதற்கு மின்பிறப்பாக்கியும் எண்ணெயும் வேண்டும். அவை வாய்த்த நாட்கள் சிலவே. எனவே பார்த்தறியாத படங்களின் பாட்டுகளையே மக்கள் பல ஆண்டுகள் கேட்டனர். கதாநாயகன் எவன், காட்சி யாது என்பது தெரியாது. வணிகன் இசையோடு பிணைத்து விற்ற நட்சத்திர மோகம் வழியிலேயே உதிர்ந்துவிட, இசை மட்டும் வந்து சேர்ந்தது. படத்தின் காதலன் பிரிவுக்காகப் பாடியதை, மகன் எங்கே என்றறியாத தாய் தன் துயரமாகக் கேட்டாள். சரக்காகப் பிறந்தது, கேட்டோரின் வாழ்வினால் கலையாயிற்று. இதனாற் திரையிசை முழுவதும் புனிதமாகிவிட்டது என்று கூறவில்லை. மக்கள் வெறும் ஏமாளிகள் அல்லர் என்பதே நாம் சொல்வது.

மூன்றாவது வாதமே இன்றைய மாணாக்கருக்கு மிக நெருங்கியது. தொலைபேசியிலே பாட்டுக் கிடைக்கின்றது என்பது மெய். ஆனால் இணையச் சேவைகளில் நாம் மாதந்தோறும் செலுத்துவது வாடகை. உரிமை கைமாறினால் நேற்றிருந்த பாட்டு இன்று இல்லாது போகும். கேட்பவனை யாரும் கேட்பதில்லை. தமிழ்ப் படங்களின் பாட்டுகள் தட்டாக வந்த அளவுக்குப் பின்னணி இசை வெளிவந்ததுமில்லை. அதை விரும்பியோர் படத்தின் ஒலியையே நாடாவிற் பதிந்து, வசனங்களுக்கு நடுவே தேடித் தேடிக் கேட்டனர். அத்தகைய பதிவு எந்த நிறுவனத்தின் பட்டியலிலும் இராது.

எனினும் பொருளைப் போற்றுவதிலும் ஓர் ஆபத்து உண்டு. அமெரிக்காவில் 2022 ஆம் ஆண்டிலே, 1987 க்குப் பின் முதன்முறையாக, இறுவட்டுகளைவிட இசைத்தட்டுகள் கூடிய எண்ணிக்கையில் விற்பனையாயின: 41 மில்லியன் தட்டுகள், 33 மில்லியன் இறுவட்டுகள். இசை திரும்பி வருகின்றது என்று மகிழலாம். ஆனால் உறை பிரிக்காமல் அலுமாரியில் அடுக்கி, விலை ஏறும்வரை காத்திருப்பவன் இசையைக் கேட்பவன் அல்லன். அவன் கையிலே தட்டு மீண்டும் வெறுஞ் சரக்காகிவிடுகின்றது. சேகரிப்பாளன் பொருட்களைப் பயன்பாட்டின் அடிமைத்தனத்திலிருந்து விடுவிக்கின்றான் என்று கருதியவர் வால்டர் பென்யமின். 1931 இல் தம் நூலகத்தை அவிழ்த்தடுக்குவது பற்றி ஒரு கட்டுரை வரைந்த அவர், 1940 இல் நாசிகளுக்கு அஞ்சிப் பாரிசிலே நூல்களை விட்டு ஓடி, பிரெஞ்சு - ஸ்பானிய எல்லையில் உயிர் துறந்தார். இடம்பெயர்ந்தவனின் சேகரிப்பு யாதென நம் மக்களுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இனித் தொடக்க வினாவுக்கு வருவோம். ஒலிநாடாவிலே பதிந்திருந்தது திரையிசை மட்டுமன்று. பாட்டு முடிந்து மிஞ்சிய இடத்திலே பிள்ளையின் மழலையையும், வெளிநாட்டிலிருந்த உறவினருக்கு அனுப்பவெனப் பேசிய பேச்சையும், பிறந்தநாட் சிரிப்பையும் வீட்டார் பதிந்தனர். பாட்டின் நிரல், உறையின்மேல் ஒருவருடைய கையெழுத்திலே இருந்தது. அக்கையும் அக்குரலும் இன்று இல்லாத வீடுகள் பல. அந்நாடாவுக்கு அழுபவன் மனிதரை மறந்து பொருளுக்கு அழுபவன் அல்லன். மனிதர் கூடி வாழ்ந்ததற்கிருந்த சான்றுக்கு அழுகின்றான். அவன் நாண வேண்டியதில்லை. துயரங்களைத் தராசிலிட்டு, சிறியதற்கு அழ உரிமையில்லை என்று தீர்ப்பளிப்பது அறமும் ஆகாது.

இரங்கினாற் போதுமா? போதாது. எஞ்சிய நாடாக்கள் இன்னமும் சில வீடுகளின் பரண்களிலே கிடக்கின்றன. காந்தப் பூச்சு உதிர்ந்து, ஈரத்திற் பூஞ்சணம் படர்ந்து, ஆண்டுதோறும் அவை ஊமையாகின்றன. அவற்றை இயக்கும் கருவிகளும் அருகிவருகின்றன. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் உள்ள ஆசிரியரும் மாணாக்கரும் தத்தம் ஊரிலே இவற்றைத் தேடிக் கேட்டு, உரியவரின் இசைவோடு பிரதி செய்து, பதிந்தவர் யார், எவ்வூரில், எவ்வாண்டில் என்பதைக் குறித்துவைத்தல் வேண்டும். மூல நாடா வீட்டாரிடமே இருக்கட்டும். பிரதி ஊர் வாசிகசாலைக்கு வரட்டும். அன்று ஒருவன் சுழற்ற நால்வர் கேட்டனர். இன்று சுழற்ற வேண்டிய முறை நம்முடையது.