தருமபுரியில் ஒரு தோட்டம்

ஆனி கடைசி. காற்று மேற்கிலிருந்து.

தூணருகே வேப்பம்பழங்கள் உதிர்ந்து கிடக்கின்றன. மிதித்தால் கசப்பும் இனிப்புமாக ஒரு வாசம்.

உள்ளங்கையைத் தூணின்மேல் வைக்கிறேன். நிழல்பட்ட பக்கம் குளிர்ச்சி. வெயில்பட்ட பக்கம் இளஞ்சூடு. இரண்டும் சேரும் இடத்தில் விரல் தயங்குகிறது.

கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி தாமஸ் மன்றோவின் நினைவுத் தூண்.

*

1792 முதல் 1799 வரை அவர் இந்த ஊரில் இருக்கிறார். வரும்போது முப்பது வயது. போகும்போது முப்பத்தெட்டு.

ஒரு வீடு. ஒரு தோட்டம்.

பார்க்க வந்தது அவற்றைத்தான். தூணருகே சுவர் இல்லை, வாசல் இல்லை, மதில் இல்லை. ஒரு பெண் வாளியில் தண்ணீர் கொண்டுபோகிறாள். சிந்திய துளிகள் மண்ணில் கறுத்து, பின் வெளுக்கின்றன.

*

பழைய மாளிகைகளில் அம்புக்குறி இருக்கும். இந்த அறைக்குப் பிறகு அந்த அறை. கயிறு கட்டியிருப்பார்கள். கட்டிலைத் தொடக்கூடாது. பின்னால் வருகிறவர்களுக்காக நகர வேண்டும்.

இங்கே யாரும் பின்னால் வரவில்லை.

நிற்கலாம். எவ்வளவு நேரமானாலும்.

*

மூச்சு உள்ளே. மூச்சு வெளியே.

பேருந்து ஒன்று நீளமாக ஒலிக்கிறது. அந்த ஒலி போன பிறகும் காதில் சற்று நேரம் இருக்கிறது. பிறகு அதுவும் இல்லை.

*

ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை, 1792 மார்ச். திப்பு சுல்தான், இந்த ஊர் அடங்கிய பாராமகாலைக் கம்பெனிக்கு விட்டுக்கொடுக்கிறார். அலெக்சாண்டர் ரீட் பொறுப்பேற்கிறார். அவருக்குக் கீழே மூன்று உதவியாளர்கள். வடக்கே கிருஷ்ணகிரியில் கிரஹாம். தெற்கே சேலத்தில் மெக்லியாட். நடுவில், தருமபுரியில், மன்றோ.

நால்வருமே பட்டாளத்துக்காரர்கள். துப்பாக்கி பிடித்த கை கணக்கு எழுதப் பழகுகிறது.

அதுவரை மன்றோ பார்த்த தென்னாடு, போர் நடந்த தென்னாடு. 1780 ஜனவரியில், பதினெட்டு வயதில், சென்னையில் வந்து இறங்குகிறார். அந்த ஆண்டே ஹைதர் அலியோடு போர். பாசறை. ஓட்டம். மறுபடி பாசறை.

பிறகு இந்த ஊர். முதன்முதலாக ஒரே இடத்தில் நெடுநாள் தங்கல். தோட்டம் போடுவதற்கு அது வேண்டும். நட்ட கன்று காய்க்கும்வரை இருப்போம் என்ற நம்பிக்கை.

*

நம்பிக்கை என்று எழுதிவிட்டு நிறுத்துகிறேன்.

ஒரு மைனா. தரையில் எதையோ கொத்திப் பார்க்கிறது. வேண்டாமென்று நகர்கிறது.

*

நடை. அவசரமில்லை.

ஊர் மெல்ல விலகுகிறது. கடைகள், மரமில், செங்கல் அடுக்கு, பிறகு வேலிகாத்தான். கிழக்கே மலைகள், நீலத்துக்கும் சாம்பலுக்கும் இடையில் ஒரு நிறம். அதில் ஒன்று வத்தல்மலை. மேலே காப்பிச் செடி இருக்கிறது. கீழே இந்த வெக்கை.

கண் மலையில் நிற்கும்போது கால் கல்லில் இடறுகிறது. வலி கூர்மையாக வருகிறது. பிறகு அகன்று, மழுங்கி, எங்கே இருந்தது என்பதே மங்குகிறது.

*

மாந்தோப்பு.

காவலுக்கு இருப்பவர் தலையசைக்கிறார். போய்ப் பார்க்கலாம்.

செந்தூராவும் மல்கோவாவும் முடிந்துவிட்டன. நீலம் மட்டும் மிச்சம். காய்கள் தாழத் தொங்குகின்றன. காற்று அடிக்கும்போது காம்பு அசைகிறது, காய் சற்றுத் தாமதித்து அசைகிறது.

நிழலுக்குள் நுழையும் அந்த ஒரு கணம். தோள்கள் தாமாக இறங்குகின்றன.

*

தோப்பின் மூலையில் ஒரு கல். பாதி புதைந்தது. மேலே சிறிய அம்புக்குறி. சர்வே கல்.

குனிந்து மண்ணைத் தள்ளிப் பார்க்கிறேன். குறியின் பள்ளத்தில் பாசி காய்ந்து கறுத்திருக்கிறது. ஓர் ஓரம் உடைந்து, உள்ளே கல்லின் பச்சை நிறம், நேற்று உடைத்ததைப்போல.

இந்தப் பள்ளத்தாக்குகளில்தான் அது தொடங்குகிறது. ஜமீன்தார் இல்லாமல், ஊர்க் குத்தகைதாரர் இல்லாமல், உழுகிறவனோடு சர்க்கார் நேரே கணக்கு வைத்துக்கொள்ளும் முறை. ரயத்துவாரி. ரீட் வழிகாட்ட, மன்றோ கற்றுக்கொள்கிறார். வயல் வயலாகப் போய், மண்ணைப் பார்த்து, அளந்து, பெயர் எழுதி, வரி போட்டு. பின்னர் சென்னை ராஜதானியின் பெரும்பகுதிக்கும் அது பரவுகிறது.

பட்டா. புல எண். அடங்கல். இன்றும் தாலுகா அலுவலக வாசலில் மஞ்சள் பையோடு காத்திருக்கிறவர்களின் வாயில் இருக்கும் சொற்கள்.

*

வரி போடவும் மன்றோதான் வந்தார். தோட்டம் போட்டதும் அவர்தான்.

இரண்டும் மனதில் வந்து உட்காருகின்றன. ஒன்றையொன்று தள்ளவில்லை.

மழை பொய்த்த ஆண்டிலும் கிஸ்தி கட்டியாக வேண்டும் என்று நின்ற யாரோ ஒருவர், இந்த மண்ணில். முகம் தெரியாதவர். கொஞ்ச நேரம் அவரோடு நிற்கிறேன்.

*

பின்னாளில் பெல்லாரி, கடப்பைப் பக்கம் மன்றோ அளக்கச் செய்தபோது சங்கிலியின் நீளம் 33 அடி. பக்கத்துக்கு ஒரு சங்கிலியாகச் சதுரம் போட்டால் ஒரு குண்டா. நாற்பது குண்டா ஓர் ஏக்கர்.

இந்த மரத்திலிருந்து அந்த மரத்துக்கு நடக்கிறேன். மெதுவாக. குதிகால் பதிந்து, பிறகு விரல்கள் பதிந்து.

பத்துக்கு மேலே சில எட்டுகள். அடுத்த மரம்.

மாவுக்கு மா, பத்து மீட்டர் விடுவது இங்கே பழைய வழக்கம். அடிக்கணக்கில் ஏறத்தாழ 33. ஏக்கருக்கு நாற்பது மரம் என்கிறார் காவல்காரர், கயிற்றுக் கட்டிலில் சாய்ந்தபடி.

சங்கிலிக்கும் மரத்துக்கும் ஒரே அளவு.

திரும்பி நடக்கிறேன். அதே தூரம். இந்த முறை எண்ணவில்லை.

*

ஒரு கிளை கண் உயரத்தில்.

நான்கைந்து இலைகள் ஒன்றோடொன்று ஒட்டி, பந்தாய். செவ்வெறும்புக் கூடு. இன்னும் முடியவில்லை. ஓர் இலையின் விளிம்பில் எறும்புகள் நெருக்கமாக நின்று, அடுத்த இலையை வாயால் கவ்வி இழுத்துப் பிடித்திருக்கின்றன. உடம்பு முழுவதும் விறைத்து. அசைவே இல்லை.

உள்பக்கம் வேறு எறும்புகள். ஒவ்வொன்றின் வாயிலும் வெண்மையாக ஒரு புழு. அவற்றின் குஞ்சு. குஞ்சை இந்த விளிம்பில் தொட்டு, அந்த விளிம்பில் தொட்டு, திரும்ப இந்த விளிம்பில். குஞ்சின் வாயிலிருந்து நூல் வருகிறது. முதலில் கண்ணுக்குத் தெரியவில்லை. வெயில் ஒரு சாய்வில் விழும்போது தெரிகிறது. வெண்பட்டு.

குழந்தையின் நூலால் தைத்த வீடு.

மூச்சு கூட்டில் பட்டுவிடுகிறது. எறும்புகள் வயிற்றைத் தூக்கிச் சிலிர்க்கின்றன. புளித்த வாடை. ஓர் எட்டு பின்னால் வைக்கிறேன்.

இழுத்துப் பிடித்தவை பிடியை விடவில்லை.

*

எவ்வளவு நேரம்.

கழுத்தில் வியர்வை இறங்கி முதுகெலும்பைக் கண்டுபிடிக்கிறது. துடைக்கக் கை எழுகிறது. எழுந்த கை பாதியில் நிற்கிறது. வியர்வை போகட்டும்.

*

இந்த ஊருக்கு இன்னும் பழைய வீடு ஒன்று உண்டு. தகடூர் என்று பெயர் இருந்தபோது. அதியமான் நெடுமான் அஞ்சியின் வீடு. ஔவை வந்து தங்கிய வீடு.

சேலம் போகும் வழியில் அதியமான்கோட்டை. கோயில்கள் இருக்கின்றன. சென்னராயப் பெருமாள் கோயிலின் விதானத்தில் பழைய ஓவியங்கள் இருக்கின்றன. அரசன் படுத்த அறை, ஔவை உட்கார்ந்த திண்ணை, இவை எதுவும் இல்லை.

வீடுகள் முதலில் போகின்றன. ஊர் கிடக்கிறது. ஏரி கிடக்கிறது.

*

1799. ஸ்ரீரங்கப்பட்டணம் விழுகிறது. மன்றோவுக்குக் கன்னடக் கரைக்கு மாற்றல்.

பாராமகாலை விட்டுப் போகும் துக்கத்தை அவர் கடிதத்தில் எழுதுகிறார். பிறந்த வீட்டை விட்டுக் கப்பலேறிய நாளின் துக்கத்தைவிட இது ஆழமானது என்று. அப்போது போகும் இடத்தைப் பற்றிக் கனவு இருந்தது. இப்போது போகிற இடத்தில், இழந்ததற்கு ஈடாக எதுவும் தெரியவில்லை என்று.

ஆளுகிறவர் அடைந்த துக்கம். ஆனாலும் துக்கம்.

அந்த வரிகளை முதலில் படித்தபோது இருந்த அதே கனம், இப்போது மார்பின் நடுவில். பெயர் வைக்காமல் பார்க்கிறேன். அது கொஞ்சம் இடம் பெயர்கிறது.

*

கிளி. எங்கே என்று தெரியவில்லை. கடித்துப் போட்ட காய் ஒன்று சருகில் விழும் சத்தம்.

*

1820. மன்றோ சென்னைக்கு ஆளுநர். அடுத்த ஆண்டு, ஊருக்கு வெளியே கிண்டியில் ஒரு தோட்ட வீட்டை அரசு வாங்குகிறது. ஆளுநர் ஓய்வாக இருக்க. காடு சூழ்ந்த வீடு. இன்றும் தமிழ்நாட்டு ஆளுநர் இருப்பது அந்த வளாகத்தில். அதன் காட்டில் ஒரு பகுதியை எடுத்து 1978இல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். புள்ளிமானும் வெளிமானும் நகரத்தின் நடுவே மேய்கின்றன.

1826. சின்ன மகனுக்கு உடம்பு சரியில்லை. மனைவி ஜேன் அவனை அழைத்துக்கொண்டு இங்கிலாந்துக்குக் கப்பலேறுகிறார்.

மன்றோ கிண்டித் தோட்டத்தில் தனியாக நடக்கிறார். நடந்ததை மனைவிக்கு எழுதுகிறார். செடிகளெல்லாம் செழித்திருக்கின்றன. பார்க்க வேண்டியவர்கள் இல்லை. இதுதான் அந்தக் கடிதம்.

அவருடைய அறிக்கைகள் ஆயிரக்கணக்கான பக்கம் இருக்கும். எனக்கு இந்தக் கடிதம் போதும்.

*

சென்னையில், தீவுத்திடலருகே அவருடைய சிலை. சிற்பி சான்ட்ரி வார்த்தது. 1839இல் நிறுவினார்கள். குதிரைமேல், சேணமில்லாமல், அங்கவடி இல்லாமல். அண்ணாந்துதான் பார்க்க வேண்டும்.

இங்கே அண்ணாந்தால் இலை. இலைகளுக்கிடையே துண்டு துண்டாக வானம். கண்ணை மூடினால் அதே துண்டுகள், சிவப்பில்.

*

வீடு எப்படி இருந்திருக்கும் என்று மனம் கட்டத் தொடங்குகிறது. தூண் வைத்த தாழ்வாரம். ஓடு. வாசலில் குதிரை. கட்டக் கட்ட அது படத்தில் பார்த்த வேறேதோ பங்களாவாகிறது.

விட்டுவிடுகிறேன்.

வெறும் நிலம். அதன்மேல் காற்று. இது அவருக்கும் வீசியிருக்கும். இதே மாதத்தில், மேற்கிலிருந்து, தொடர்ந்து, தலைவலி வரும்வரை.

*

மதியம் ஆகிறது.

காவல்காரர் ஒரு காயை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துவிட்டு நீட்டுகிறார். சூடாக இருக்கிறது. காம்பில் பால் கசிந்து, தோலில் வழிந்து, உறைந்திருக்கிறது. நகத்தால் சுரண்டினால் பிசின். மூக்கருகே கொண்டுபோனால் கற்பூரமும் புளிப்பும்.

இன்னும் இரண்டு நாள் வைக்கோலில் இருக்க வேண்டும் என்கிறார்.

பையில் வைக்கிறேன். பை தோளில் ஒரு பக்கம் இழுக்கிறது.

*

1827இல் மன்றோ தாய்நாட்டுக்குத் திரும்ப எல்லாம் ஆயத்தம். அதற்குமுன் ஒருமுறை, தாம் கலெக்டராக இருந்த மாவட்டங்களைப் பார்த்து வரப் புறப்படுகிறார். ஜூலை 6. கர்நூல் பக்கம் பத்திகொண்டா. காலையில் காலரா. இரவுக்குள் முடிந்துவிடுகிறது.

குத்தியில் அடக்கம். 1831இல் எலும்புகளை எடுத்துவந்து சென்னைக் கோட்டையின் புனித மரியன்னை ஆலயத்தில் வைக்கிறார்கள். குத்தியில் அவர் பெயரால் ஒரு சத்திரம்.

இறந்த இடத்தில், பத்திகொண்டாவில், அரசு ஒரு தோப்பு வைக்கிறது. கல்படி இறக்கிய ஒரு கிணறும் வெட்டுகிறது. வழிப்போக்கர்கள் இளைப்பாற.

வீட்டுக்குத் திரும்பாதவருக்கு மரமும் தண்ணீரும். யார் யோசித்தார்களோ, நன்றாக யோசித்திருக்கிறார்கள்.

*

தோப்பை விட்டு வெளியே வந்தால் சாலை இரைகிறது. 44ஆம் எண் நெடுஞ்சாலை. தருமபுரியைத் தொட்டு, கிருஷ்ணகிரி, பெங்களூர், அனந்தபுரம் என்று போய்க் குத்தியையும் தொடுகிறது. மேற்கே கொஞ்சம் திரும்பினால் பத்திகொண்டா.

வடக்கே போகும் லாரிகளில் மாங்காய். தார்ப்பாய் படபடக்கிறது. சாலையைக் கடக்க ஓர் இடைவெளி வேண்டும். காத்திருக்கிறேன்.