சிப்பத்துக்குள் ஓர் அமானிதம்



சரக்கைச் சிப்பமிடும் கிடங்குகளை நம்மில் பலர் நடத்துகிறோம். நம்மில் சிலருடைய வாழ்வே அங்கே மூட்டை சுமந்துதான் தொடங்கியது. அவ்வேலையின் இன்ப துன்பங்கள் நாம் அறியாதவை அல்ல. நோன்புக்கு முந்திய வாரங்களில் ஆர்டர் குவியும். மிகைநேரக் கூலியால் ஊரிலுள்ள தாய்க்குச் சற்றுக் கூடுதலாகப் பணம் போகும். லாரி புறப்பட்ட பின் தோழர்களோடு அருந்தும் தேநீருக்குத் தனி ருசியும் உண்டு. பெருநாள் கழிந்தாலோ வேலை குறையும், கை சுருங்கும். மிளகாய்த் தூள் அடைக்கும் நாளில் இருமல் இரவிலும் விடாது. இடுப்பு வலியை யாரிடம் சொல்வது?

இவை உடலின் சுமைகள். இவற்றினும் கனமான சுமையொன்றை ஒரு வாலிபர் ஜும்ஆவுக்குப் பின் நம்மிடம் இறக்கி வைத்தார். "பொட்டலத்தில் 500 கிராம் என்று அச்சிட்டிருக்கிறது, ஹஜ்ரத். 480 போட்டு ஒட்டச் சொல்கிறார் முதலாளி. என் கூலி ஹலாலாகுமா?"

பொட்டலத்துக்கு 20 கிராம் அற்பமாகத் தோன்றலாம். 50 பொட்டலத்தில் அது ஒரு முழுக் கிலோ அல்லவா? அளவில் குறைப்போரின் பெயரையே தாங்கி நிற்கிறது திருமறையின் 83-வது அத்தியாயம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கைவிட்டுப் பார்த்தார்கள். உள்ளே ஈரம் இருந்தது. மழையில் நனைந்ததென்றார் வியாபாரி. மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்று கண்டித்தார்கள். அன்று குவியலுக்குள் மறைந்தது, இன்று பிளாஸ்டிக் உறைக்குள் மறைகிறது.

பாவத்துக்குக் கீழ்ப்படிய வேண்டாம், மரியாதையோடு மறுத்துவிடுங்கள் என்றோம். அப்படிச் சொல்வது நமக்கு எளிது. பர்மிட்டும் ஊர்க்கடனும் அந்த வேலையோடு கட்டுண்டு கிடக்கும் அவருக்கு எளிதா? ஆகவே இவ்வார்த்தை அவருக்கன்று, முதலாளிமார்களாகிய நமக்கே. முதுகில் ஏற்றிய மூட்டை மாலையில் இறங்கிவிடும். நெஞ்சில் ஏற்றியதை மறுமையில் யார் இறக்குவார்?

நம் கைக்குக் கீழுள்ளவர்கள் நம் சகோதரர்கள். சக்திக்கு மீறிச் சுமத்தலாகாது, சுமத்தினால் நாமும் கைகொடுக்க வேண்டும் என்பது நாயகத்தின் போதனை. வியர்வை உலருமுன் கூலி கொடுக்கவும் சொன்னார்கள். மலேசியாவில் 2023 ஜனவரி முதல் வார வேலை நேரத்தைச் சட்டம் 48 மணியிலிருந்து 45 ஆகக் குறைத்தது. சட்டத்துக்கு முன்பே நம் மார்க்கம் நம்மைத் தட்டி எழுப்பியிருக்க வேண்டாமா?

இவ்வாரம் கிடங்குக்குச் செல்வோம். ஒரு பொட்டலத்தை நம் கையாலேயே தராசில் வைப்போம். அங்கே இருமுகிறவரின் பெயரைக் கேட்டறிவோம். நிறைவான அளவிலும் உரிய கூலியிலும் அல்லாஹ் நமக்குப் பரக்கத் அருள்வானாக! ஆமீன்.