அத்தியாவசியம்: வேலைக்கா, ஆளுக்கா?

2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. ஒரே வாரத்தில் ‘அத்தியாவசியச் சேவை’ என்ற சொல் கோலா கங்சார் காய்கறிக் கடை வரைக்கும் வந்துவிட்டது. அந்தச் சொல் போட்ட கடிதம் கையில் இருந்தால் சாலைத் தடுப்பில் போலீஸ்காரர் வழிவிடுவார். என்னிடமும் ஒன்று இருந்தது. உள்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் பட்டம் முடித்து, ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் பொறியியலாளராகச் சேர்ந்து எட்டு மாதம்கூட ஆகாத நேரம் அது. எங்கள் வரிசையில் மூன்று வீடு தள்ளி இருக்கும் அக்காவிடமும் ஒன்று இருந்தது. அவர் பேராக்கில் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியில் குத்தகைத் துப்புரவுப் பணியாளர். அப்போதே பதினேழு வருட வேலை.

“ஒன் கடுதாசியும் என் கடுதாசியும் ஒன்னுதான் தம்பி. ஆனா இது ரோட்டுலதான் செல்லும். வார்டுக்குள்ள போயிட்டா செல்லாது” என்றார் ஒருநாள், வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு.

அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை, தகவலாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அது இத்தனை வருடமாகத் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு வேலையை அத்தியாவசியம் என்று அரசு அறிவித்தால், அதைச் செய்கிறவருக்கு நாம் என்ன கடன்பட்டிருக்கிறோம்? நன்றி சொன்னால் போதுமா? பணம் கொடுத்தால் தீருமா? இல்லை, சட்டத்தில் எழுதியே ஆகவேண்டிய ஒன்றா?

முதலில் பணம். மருத்துவர்களுக்கும் தாதியருக்கும் மற்ற மருத்துவப் பணியாளர்களுக்கும் முதலில் மாதம் 400 வெள்ளி சிறப்புப் படி அறிவித்தார்கள். மார்ச் 27-ஆம் தேதி அறிவித்த பிரிஹாத்தின் திட்டத்தில் அது ஏப்ரல் முதல் 600 வெள்ளியாக உயர்ந்தது. போலீஸ், இராணுவம், குடிநுழைவு, சுங்கம், தீயணைப்பு ஆகிய துறையினருக்கு 200 வெள்ளி. எல்லாம் நியாயமான தொகை, குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் கோவிட் நோயாளி படுத்திருந்த கட்டிலைத் துடைத்து, அந்த அறையின் குப்பையைக் கட்டி எடுத்துப்போனவருக்கு அது கிடைக்கவில்லை. அவர் அரசு ஊழியர் இல்லையாம். ஆஸ்பத்திரித் துப்புரவு, சலவை, மருத்துவக் கழிவு அகற்றல் எல்லாம் 1990-களிலேயே தனியார் குத்தகைக்குப் போய்விட்டன.

எங்கள் துறையில் ஒரு சாதாரணக் கணக்கு உண்டு. ஆபத்து எவ்வளவு என்று மதிப்பிட, அது நேரும் வாய்ப்பை நேர்ந்தால் உண்டாகும் பாதிப்பால் பெருக்குவோம். அந்த இடத்தில் நிற்பவருடைய சம்பளச் சீட்டில் எந்தக் கம்பெனிப் பெயர் இருக்கிறது என்பதற்கு அந்தக் கணக்கில் இடமே கிடையாது. கிருமிக்கும் அது தெரியாது. ஆபத்தைக் குறைக்கவும் ஒரு வரிசை வைத்திருக்கிறோம். முதலில் ஆபத்தையே அகற்றப் பார்க்க வேண்டும். முடியாவிட்டால் குறைந்த ஆபத்துள்ள ஒன்றால் மாற்ற வேண்டும். பிறகு இயந்திர ஏற்பாடு, பிறகு வேலை முறை மாற்றம். எல்லாம் தோற்ற பிறகு கடைசியாகத்தான் முகக்கவசமும் கையுறையும். எனக்கு அந்த வரிசை முழுவதும் கிடைத்தது. வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை, மீதி நாள் ஆள் குறைந்த ஷிப்ட். அக்காவுக்குக் கடைசிப் படி மட்டும்தான். அந்தக் கையுறையும் எண்ணித்தான் வரும் என்றார்.

இந்த இடத்தில் சட்டத்தைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்க வேண்டும். ‘அத்தியாவசியச் சேவை’ என்பது கோவிட் கொண்டுவந்த சொல் இல்லை. 1967-ஆம் ஆண்டின் தொழிலியல் உறவுச் சட்டத்தின் முதல் அட்டவணையிலேயே அத்தியாவசியச் சேவைகளின் பட்டியல் இருக்கிறது. மின்சாரம், தண்ணீர், துறைமுகம், பொதுச் சுகாதாரம் என்று போகும். பட்டியல் அங்கே எதற்காக இருக்கிறது என்று பார்த்தபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தச் சேவைகளில் இருப்பவர்கள் வேலைநிறுத்தம் செய்ய வேண்டுமானால் முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்துவிட்டு 21 நாள் காத்திருக்க வேண்டும். மீறினால் தண்டனை. அவ்வளவுதான். நம் சட்டத்தில் அத்தியாவசியம் என்ற சொல் தொழிலாளிக்குக் கொண்டுவருவது ஒரு கட்டுப்பாட்டை. அதற்கு ஈடாக ஓர் உரிமையை அது கொண்டுவரவில்லை. வேலை நிற்கக்கூடாது என்பதில் சட்டத்துக்கு அக்கறை உண்டு. வேலை செய்கிறவர் விழுந்தால் இன்னொருவரைப் போட்டுக்கொள்ளலாம்.

எங்கள் ஊர்க்காரனுக்கு இது புதிதாகவும் இருக்கக்கூடாது. 1877-இல் இந்த மண்ணில் முதல் ரப்பர் கன்றுகளை ஊன்றிய இடங்களில் கோலா கங்சாரும் ஒன்று. அந்தக் காலத்து மரம் ஒன்று இன்னும் மாவட்ட அலுவலகத்துப் பக்கம் நிற்கிறது, சுற்றுப்பயணிகள் படம் பிடிக்கிறார்கள். இதே மாவட்டத்தில்தான் சுங்கை சிப்புட். 1948 ஜூன் 16 அன்று அங்கே மூன்று ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், அவசரகாலம் வந்தது. தோட்ட மக்களைக் கம்பிவேலிக்குள் வைத்தார்கள், ஊரடங்கு போட்டார்கள். ஆனால் பால் வெட்டு நிற்கவில்லை. ரப்பர் விற்ற பணம் பிரிட்டனுக்கு அவ்வளவு தேவைப்பட்டது. விடிந்ததும் வாசலில் சோதனை, பிறகு காட்டுக்கு. வெளியே போக அனுமதி இல்லை, வேலைக்குப் போக மட்டும் அனுமதி. தொழிற்சங்கங்களின் பெரிய சம்மேளனத்தின் பதிவையும் அதே ஜூன் மாதத்தில் ரத்து செய்தார்கள். கோவிட்டையும் அவசரகாலத்தையும் ஒன்றாக்க நான் வரவில்லை, அது அபத்தம். ஆனால் உன் உழைப்பு மிகவும் தேவை, ஆகவே நீ பேசக்கூடாது என்ற தர்க்கத்தை என் பாட்டனார் காலத்து ஆட்கள் நன்றாக அறிந்திருந்தார்கள்.

2020 ஜூன் 2 அன்று ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்கு வெளியே ஆஸ்பத்திரித் துப்புரவுத் தொழிலாளர்களின் சங்கத்தினர் மறியல் செய்தார்கள். சங்கத்தில் இருப்பவர்களை ஒடுக்குகிறார்கள், பாதுகாப்பு உடைகள் போதவில்லை என்பவை அவர்கள் வைத்த புகார்களில் முக்கியமானவை. ஐந்து பேர் கைது செய்யப்பட்டார்கள். மறுநாள் நீதிமன்றத்தில் அவர்கள் மேல் சாட்டப்பட்ட குற்றங்களில் ஒன்று, தொற்றுநோய்த் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்த விதிமுறைகளை மீறியது. தொற்று வார்டைச் சுத்தம் செய்கிறவர்களுக்காகப் பேச வந்தவர்கள் மேல் தொற்றைப் பரப்பும் விதமாகக் கூடினார்கள் என்று வழக்கு! வழக்கு பிறகு கைவிடப்பட்டது. ஆனாலும் கோவிட் காலத்தில் மலேசியத் தமிழ் எழுத்தாளர் ஒருவர் சிறுகதையாக எழுதியிருந்தால், கொஞ்சம் மிகைப்படுத்திவிட்டார் என்றுதான் நாம் சொல்லியிருப்போம்.

அடுத்த வருடம், 2021 ஜூலை 26-இல், ஒப்பந்த மருத்துவர்கள் ‘ஹர்த்தால்’ செய்தார்கள். போலீஸ் விசாரணை அங்கேயும் இருந்தது. ஆனால் நாடு முழுவதும் அவர்களைப் பற்றிப் பேசியது, அமைச்சரவை ஒப்பந்த நீட்டிப்பு அறிவித்தது. டாக்டரின் ஒப்பந்தம் தேசியப் பிரச்சினை. துடைப்பவரின் ஒப்பந்தம் கம்பெனிப் பிரச்சினை.

இதற்கு எதிராக நண்பர்கள் என்னிடம் சொல்லும் வாதம் இரண்டு. முதலாவது, அவராகத்தானே சம்மதித்து அந்த வேலைக்குப் போனார்? ஆடம் ஸ்மித் 1776-இலேயே இதற்கு ஒரு விளக்கம் கொடுத்துவிட்டார். கடினமான, அசுத்தமான, மதிப்பில்லாத வேலைக்கு ஆள் கிடைக்காது, ஆகவே கூலி தானாக உயரும். தூக்கிலிடுபவரைக்கூட உதாரணம் காட்டுகிறார். கேட்க நன்றாக இருக்கிறது. 2020-இல் ஒரு நகராட்சிப் பகுதியில் ஆஸ்பத்திரி துடைப்பவருக்கும் துணிக்கடையில் நிற்பவருக்கும் சட்டம் உறுதி சொன்னது ஒரே 1,200 வெள்ளிக் குறைந்தபட்சச் சம்பளம். அக்காவின் சம்பளம் அந்தக் கோட்டைத் தாண்டவே இல்லை. ஸ்மித் சொன்னது நடக்க வேண்டுமானால் வேண்டாம் என்று சொல்லி நடையைக் கட்ட ஒரு வாசல் வேண்டும். 2003-இல் அக்கா சம்மதித்தது தரையைத் துடைக்க. 2020-இல் வந்த ஆபத்துக்கு யாரும் அவரிடம் சம்மதம் கேட்கவில்லை.

இரண்டாவது வாதம் கனமானது. அந்த நேரத்தில் எத்தனை பேருக்கு வேலையே போனது? பசார் மாலாம் வியாபாரிகள் மாதக்கணக்கில் கடை போட முடியவில்லை. மாதாமாதம் சம்பளம் வந்தவர் அதிர்ஷ்டசாலி இல்லையா? என் சொந்த மாமாவுக்கு அப்போது வருமானமே இல்லை, அதனால் இதை என்னால் எளிதாகத் தள்ளிவிட முடியாது. அக்காவே இதைச் சொல்வார், “சாப்பாட்டுக்குக் கொறையில்ல” என்று. ஆனால் இந்த வாதம் அக்காவையும் மாமாவையும் பக்கத்தில் நிறுத்தி அளக்கிறது. நான் கேட்பது வேறு இரண்டு பேரைப் பற்றி. ஆபத்துக்குள் போனவர் ஒருவர், அவர் போனதால் ஆபத்தில்லாமல் வீட்டில் இருந்தவர் இன்னொருவர். அந்த இரண்டாவது ஆள் நான்தான். மாமாவுக்கு உதவித்தொகை தேவைப்பட்டது. அக்காவுக்கு நான் தரவேண்டியது ஈடு. உதவியை அரசின் கையிருப்பைப் பார்த்துக் கூட்டலாம், குறைக்கலாம். ஈடு அப்படிப்பட்டது இல்லை.

அந்த ஈடு எப்படி இருக்கும்? இந்தியாவில் 2020 மார்ச் இறுதியில் சுகாதாரப் பணியாளர்களுக்கு 50 லட்சம் ரூபாய் காப்புறுதி அறிவித்தபோது துப்புரவுப் பணியாளர்களையும் பெயர் சொல்லிச் சேர்த்தார்கள். குத்தகை ஊழியரா என்று பார்த்துத் தள்ளவில்லை. அது பெரிய விஷயம். ஆனால் அந்தப் பணம் இறந்தால்தான் வரும். உயிரோடு இருப்பவரின் வேலைக்கு எந்த உறுதியும் அதில் இல்லை. 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை வாசலில், குப்பை அள்ளும் பணியைத் தனியாரிடம் ஒப்படைக்கக்கூடாது என்று தூய்மைப் பணியாளர்கள் இரவும் பகலும் உட்கார்ந்திருந்தார்கள். பதின்மூன்றாம் நாள் நள்ளிரவில் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது. கோவிட் காலத்தில் மாலை போட்ட அதே கைகளா என்று கைப்பேசியில் பார்த்துக்கொண்டே அக்கா கேட்டார்.

என்னைக் கேட்டால் ஈடு என்பது மிகச் சலிப்பூட்டும் ஒரு விஷயத்தில் தொடங்குகிறது: வருட விடுப்பு. நம் வேலைவாய்ப்புச் சட்டப்படி இரண்டு வருடத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு 8 நாள், ஐந்து வருடம்வரை 12 நாள், அதற்கு மேல் 16 நாள். அக்காவுக்கு எட்டு, பன்னிரண்டு, பிறகு மறுபடியும் எட்டு. ஒப்பந்தம் முடிந்து புதிதாகக் கையெழுத்துப் போடும்போதெல்லாம் அவர் புது ஆள். அதே வார்டு, அதே வாளி, அதே சூப்பர்வைசர். கையெழுத்துப் போட்ட மறுநாள் பணிக்காலம் பூஜ்யம். நோய் விடுப்பும் இப்படியே சுருங்கும். இதைச் சரிசெய்யக் கைதட்டலோ பெரிய நிதியோ வேண்டாம். குத்தகை கை மாறினாலும் தொழிலாளியின் சேவைக்காலம் தொடரும் என்று அரசாங்கம் தன் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும். ஆஸ்பத்திரி அரசாங்கத்துடையது, குத்தகை கொடுப்பது அரசாங்கம், 2020-இல் வேலைக்குப் போ என்று சொன்னதும் அரசாங்கம்.

2024 ஜூன் 1 முதல், திருத்தப்பட்ட வேலையிடப் பாதுகாப்புச் சட்டத்தில் 26ஏ பிரிவு நடப்பில் இருக்கிறது. உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமான காரணத்தோடு நம்பும் ஊழியர், முதலாளி அதை நீக்காவிட்டால், அந்த இடத்தைவிட்டு விலகலாம். அதற்காக அவரைத் தண்டிக்கக்கூடாது. எங்கள் தொழிற்சாலையில் இதைப் பற்றி ஒருநாள் பயிற்சியே நடந்தது, சாப்பாடு போட்டார்கள். வீட்டுக்கு வந்து அக்காவிடம் விளக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

“வெளிய வந்துடலாம் தம்பி. டிசம்பர்ல கான்ட்ராக் முடியுது. மறுபடி கையெழுத்துப் போடக் கூப்புடுவாங்களா?”

தண்டிக்கக்கூடாது என்று சட்டத்தில் இருக்கிறது. அழைக்காமல் விடுவது தண்டனையா என்று நானும் தேடிப் பார்த்துவிட்டேன். அக்கா அந்த டிசம்பரில் கையெழுத்துப் போட்டார். இப்போது மறுபடியும் எட்டு நாள்.