சுவைத்தலும் அருந்துதலும்

கொழும்பில் நடந்த தேநீர், கோப்பி விழாவொன்றில் ஒரு பகலைக் கழித்தேன். நுவரெலியா, திம்புள்ள, ஊவா, ருகுணு எனப் பிரதேசவாரியாகக் கிண்ணங்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு மிடறு, எஞ்சியது வாளிக்குள். மாலையில் வாளி நிறைந்திருந்ததைக் கண்டபோது மனம் உறுத்தியது. இது ரசனையா, வீண்விரயமா?

தேயிலையின் தரம் பார்ப்பவரும் உறிஞ்சி, நாவில் சுழற்றி, துப்பிவிடுகிறார். அது அவரது தொழில். 1883இல் தொடங்கிய கொழும்பு ஏலத்தில் விலை பேசப்படுவதற்கு அவரது நாவின் தீர்ப்பு வேண்டியிருக்கிறது. எனது நாவோ எதையும் தீர்மானிக்கவில்லை.

ஒரு கிண்ணத்துக்கு ஏறத்தாழ 2 கிராம் தேயிலை. அதற்குச் சுமார் 9 கிராம் பச்சைக் கொழுந்து வேண்டும். மலையகத்தில் பெரும்பாலும் அது பெண்கள் கையால் கிள்ளியது.

ஆயினும், சுவை அறியாது விழுங்குவதுதான் நன்றி என்றும் கூறமுடியாது. என் உம்மா உள்ளங்கையில் கருப்பட்டித் துண்டை வைத்துக்கொண்டு, வெறுந்தேத்தண்ணியைக் கடைசிச் சொட்டுவரை குடிப்பார். எந்தத் தோட்டத்துக் கொழுந்தென்று அவர் கேட்டதில்லை, சொட்டும் சிந்தியதில்லை. பிரதேசங்களைப் பிரித்தறிந்த நான் கிண்ணம் கிண்ணமாய்க் கொட்டினேன்.

நாவைப் பழக்குவது தவறல்ல. ஆனால், தோட்டத் தொழிலாளர் கூலி கேட்கும்போது தேயிலை விலை ஏறிவிடுமே என்று முணுமுணுக்கும் அதே நாவுக்கு, ஊவாவின் நறுமணத்தை வியக்கும் உரிமை உண்டா? இவ்வினாவை முதலில் என்னிடமே கேட்டுக்கொள்கிறேன்.