புன்னகையும் பொய்யும்

லிசியூ தெரேசா 1897இல், இறப்பதற்குச் சில மாதங்கள் முன்பு, காசநோயுடன் எழுதிய பக்கங்களில் ஒன்று என்னை நெடுநாள் உறுத்திற்று. மடத்தில் ஒரு சகோதரியின் பேச்சு, போக்கு எதுவும் அவருக்குப் பிடிக்காது. எனினும் காணும்போதெல்லாம் புன்னகைப்பார். தன்னிடம் அப்படி என்ன கண்டீர்கள் என்று அச்சகோதரியே ஒருநாள் கேட்க, பார்ப்பதில் சந்தோஷம் என்கிறார்.

பொய்தானே? உணராததைக் காட்டாதே என்பது நம் எழுத்துக்காரர்களின் வேதம்.

ஆனால் தெரேசா தன் வெறுப்பைத் தன்னிடம் மறைக்கவில்லை. தாங்க முடியாதபோது, களத்தைவிட்டு ஓடும் சிப்பாய்போல் ஓடியிருக்கிறார், அதையும் எழுதிவைக்கிறார். அந்தச் சுமையை மற்றவள் தலையில் இறக்கவில்லை, அவ்வளவே.

வங்கிக் கவுண்டரில் ஒரே கேள்வியை மூன்றாம் முறை கேட்கும் பென்ஷன்காரரிடம் நான் காட்டும் எரிச்சல் கலப்படமற்ற நேர்மை. என்ன தப்பு செய்தோமென்று தெரியாமல், பாஸ்புத்தகத்தை மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டு அவர் போகிறார்.